கண்ணாடியில் எழுதிய தலைப்பு

உங்கள் பள்ளியில் பல் மருத்துவ முகாம் ஒன்று நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் வகுப்பு வாரியாக வரிசையில் நிற்கிறார்கள். மருத்துவர் ஒவ்வொருவர் வாயையும் விளக்கொளியில் பார்க்கிறார். சின்ன வகுப்புப் பிள்ளைகளில் சிலர் அழுகிறார்கள். இவற்றையெல்லாம் நீங்கள் வீடியோவாகப் படம் பிடித்துவிட்டீர்கள். முதல் காட்சியின் மேல் 'பல் மருத்துவ முகாம்' என்ற தலைப்பு வரவேண்டும். கணிப்பொறியில் ஒரு வெள்ளைப் பரப்பில் கருநீல எழுத்துகளால் தலைப்பை எழுதி, அதைப் படமாகச் சேமித்து, காட்சியின் மேல் கொண்டுபோய் வைக்கிறீர்கள்.

என்ன ஆகிறது? எழுத்து மட்டுமா வருகிறது? எழுத்தோடு வெள்ளைத் தாளும் வந்து, பாதிக் காட்சியை மறைத்துக்கொண்டு உட்காருகிறது. சரி, வெள்ளை நிறத்தை நீக்கிவிடு என்று கணிப்பொறிக்குக் கட்டளை இடுகிறீர்கள். தாள் போய்விடுகிறது. ஆனால் ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் அழுக்கு வெள்ளையில் ஒரு கரை தங்கிவிடுகிறது. அதுவும் போகட்டும் என்று இன்னும் கடுமையாக நீக்கச் சொல்கிறீர்கள். கரை போகிறது, கூடவே மெய்யெழுத்துகளின் தலைமேல் இருந்த புள்ளிகளும் போகின்றன. இப்போது திரையில் நிற்பது 'பல மருததுவ முகாம'!

இதில் கணிப்பொறியின் பிழை ஒன்றும் இல்லை. சொன்னதைத்தான் அது செய்தது. நாம் கேட்டதில்தான் கோளாறு. எந்த இடத்தில் எழுத்து இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று இரண்டே விடைகளில் கேட்டோம். எழுத்தின் ஓரத்தில் அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ஏன் என்று பார்ப்பதற்கு முன், கணிப்பொறி வருவதற்கு முன்பே இந்தச் சிக்கலைச் சந்தித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடுவோம்.

கறுப்பு அட்டை

பழைய திரைப்படங்களில், ஓடும் காட்சியின் மேல் எழுத்துகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஓர் எளிய வழி இருந்தது. கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்துகளை எழுதி, காட்சி ஏற்கனவே பதிவான அதே படச்சுருளில் மறுபடியும் படம் பிடிப்பார்கள். கறுப்பு அட்டையிலிருந்து ஒளி வருவதில்லை. ஆகவே அந்த இடங்களில் படச்சுருள் மாறுவதில்லை. வெள்ளை எழுத்திலிருந்து மட்டும் ஒளி வந்து பதிகிறது. கறுப்புதான் அங்கே கண்ணாடியின் வேலையைச் செய்தது.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. படச்சுருளில் ஒளியைக் கூட்டலாமே தவிரக் கழிக்க முடியாது. வெண்மேகத்தின் மேல் வெள்ளை எழுத்தைப் பதித்தால் எழுத்து காணாமல் போகும். சிவப்பு எழுத்தைப் பதித்தால் அடியில் உள்ள காட்சியும் அதனுள் தெரியும். கறுப்பு எழுத்து என்பதற்கு வழியே இல்லை.

ஆகவே இரண்டு படிகளில் வேலை செய்தார்கள். முதலில், எழுத்தின் வடிவம் மட்டும் ஒளிபுகாமல் மறைக்கப்பட்ட ஒரு படச்சுருளை இடையில் வைத்துக் காட்சியைப் பதிவு செய்வார்கள். காட்சியில் எழுத்தின் வடிவத்தில் ஒளி படாத ஓர் இடம் உண்டாகும். பிறகு சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அந்த இடத்தில் மட்டும் எழுத்தின் நிறத்தைப் பதிப்பார்கள். முதலில் இடம் விடுவது, பிறகு நிரப்புவது. இந்த இரு படிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறிக்குள்ளும் இவை வரப்போகின்றன.

கேலிச்சித்திரப் படங்களை வரைந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். 1910களில் அமெரிக்காவில் ஏர்ல் ஹர்ட் என்பவர் ஒளிபுகும் செல்லுலாய்டுத் தாளில் உருவங்களை வரைந்து, வரைந்த பின்னணி ஒன்றின் மேல் வைத்துப் படம்பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னணியை ஒருமுறை வரைந்தால் போதும். மேலே உள்ள தாளை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

தொலைக்காட்சி நிலையங்களில் மறுபடியும் கறுப்பு அட்டைதான். ஒரு காமிரா நிகழ்ச்சியையும், இன்னொரு காமிரா கறுப்பு அட்டையில் எழுதிய வெள்ளை எழுத்துகளையும் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது காமிராவின் மின்சைகை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும் இடங்களில் முதல் காமிராவின் படத்தை வெட்டிவிட்டு எழுத்தைச் செருகும் மின்சுற்று ஒன்று இருந்தது. இது 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே விடை சொல்லும் சுற்று. ஓரங்கள் சற்றே துடிக்கும். அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் திரையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு புள்ளியை அளந்து பார்ப்போம்

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். கணிப்பொறியின் படம் சிறு சதுரக் கட்டங்களால் ஆனது. பிக்சல் என்று சொல்கிறோமே, அதுதான் இந்தக் கட்டம். 1920 கட்ட அகலமும் 1080 கட்ட உயரமும் உள்ள ஒரு சட்டகத்தில் 20,73,600 கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 0 முதல் 255 வரை. ஒரு கட்டத்துக்குள் ஒரே நிறம்தான் இருக்க முடியும். பாதிக் கட்டத்துக்கு நீலம், பாதிக் கட்டத்துக்கு வெள்ளை என்று பூச முடியாது.

இப்போது ஒரு வரைபடத் தாளையும் கவராயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஓரிடத்தை மையமாக வைத்து, 3 கட்ட ஆரமுள்ள ஒரு வட்டம் வரையுங்கள். இதுதான் 'ல்' என்ற எழுத்தின் புள்ளி. வட்டம் எத்தனை கட்டங்களைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். 36 வரும். அவற்றில் வட்டத்துக்குள் முழுவதும் அடங்கியவை எத்தனை? 16 மட்டுமே. மீதி 20 கட்டங்கள் அரைகுறையாக மூடப்பட்டவை. அதாவது இந்தச் சிறு புள்ளியில் உள்ளே இருப்பதைவிட ஓரத்தில் இருப்பதே அதிகம்!

முழுவதும் மூடிய கட்டங்களுக்கு மட்டும் வண்ணம் பூசிப் பாருங்கள். பக்கத்துக்கு 4 கட்டமுள்ள ஒரு சதுரம் கிடைக்கும். தொட்டவை எல்லாவற்றுக்கும் பூசிப் பாருங்கள். பக்கத்துக்கு 6 கட்டமுள்ள இன்னொரு சதுரம் கிடைக்கும். வட்டம் எங்கே போயிற்று? பாதிக்கு மேல் மூடியவற்றுக்கு மட்டும் பூசினால், பெரிய சதுரத்தின் நான்கு மூலைகளையும் கிள்ளி எடுத்தது போன்ற ஓர் உருவம் வரும். 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு விடைகளை வைத்துக்கொண்டு இதற்கு மேல் போக முடியாது.

இதைவிடச் சிறிய புள்ளியின் கதி இன்னும் மோசம். அதே மையத்தில் 1 கட்ட ஆரமுள்ள வட்டம் வரையுங்கள். அது நான்கு கட்டங்களைத் தொடுகிறது. ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 79 விழுக்காடு மூடுகிறது. முழுவதும் மூடிய கட்டம் ஒன்றுகூட இல்லை. 'முழுமையாகக் கருநீலமாக இருப்பதை மட்டும் வைத்துக்கொள்' என்று கடுமையாகச் சொன்னோமே, அப்போது இந்த நான்கு கட்டங்களும் தள்ளப்பட்டன. 'பல்', 'பல' ஆனது இப்படித்தான்.

வழி என்ன? ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு மூடப்பட்டிருக்கிறது என்பதை ஓர் எண்ணாக எழுதி வைத்துவிட வேண்டியதுதான். முதலில் வரைந்த பெரிய புள்ளியில், உள்ளே உள்ளவற்றுக்கு 255. மேல் ஓரத்தில் நடுவில் உள்ள கட்டம் 94 விழுக்காடு மூடப்பட்டது; அதற்கு 240. அதை அடுத்தது சுமார் 58 விழுக்காடு, அதற்கு 147. மூலைக் கட்டத்தில் வட்டம் உரசிக்கொண்டு மட்டும் போகிறது, அதற்கு 7. வெளியே எல்லாம் 0. ஆக, ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்கள் போதாது. நான்காவதாக ஒன்று வேண்டும்.

நான்காவது எண்

இந்த நான்காவது எண்ணைப் படத்தோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்ற எண்ணம் 1977ஆம் ஆண்டின் இறுதியிலோ 1978இன் தொடக்கத்திலோ தோன்றியது. இடம், அமெரிக்காவில் நியூயார்க் தொழில்நுட்ப நிறுவனம் என்ற கல்வி நிலையத்தின் கணிப்பொறி வரைகலைக் கூடம். எட்வின் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவருடைய யோசனை இது. ஓர் உருவத்தின் ஓரங்களைக் கேட்மல் மிக நுட்பமாகக் கணக்கிட்டு வரைந்துகொண்டிருந்தார். பின்னணி மாறும்போதெல்லாம் அந்த நீண்ட கணக்கைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. மூடிய அளவையும் தனியே சேமித்துவிட்டால் ஒரே தடவை கணக்கிட்டு, எந்தப் பின்னணியின் மேலும் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

கணிப்பொறி நினைவகம் கொள்ளை விலை விற்ற காலம் அது. கண்ணுக்கே தெரியாத ஒரு 'நிற'த்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இடம் ஒதுக்குவது ஊதாரித்தனமாகத் தோன்றியிருக்கும். ஆனாலும் செய்தார்கள். இரண்டு அளவுகளைக் கலக்கும் கணிதச் சூத்திரத்தில் ஆல்பா என்ற கிரேக்க எழுத்து வழங்கிவந்ததால், இந்த எண்ணுக்கும் ஆல்பா என்றே பெயர் வைத்தார்கள். இருவரும் பின்னாளில் பிக்சார் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் முக்கியமானவர்கள்.

சூத்திரம் எட்டாம் வகுப்பு மாணவருக்கு எட்டாதது அன்று. எழுத்தின் நிறத்தை ஆல்பாவால் பெருக்குங்கள். பின்னணியின் நிறத்தை, ஒன்றிலிருந்து ஆல்பாவைக் கழித்து வருவதால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டுங்கள். அவ்வளவுதான். இங்கே ஆல்பாவை 0 முதல் 1 வரையுள்ள பின்னமாக எடுத்துக்கொள்கிறோம். பின்னணியைப் பெருக்குவதுதான் இடம் விடுவது. எழுத்தைக் கூட்டுவதுதான் நிரப்புவது. படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றியவர்கள் செய்த அதே இரண்டு வேலைகள்!

ஒரு கணக்குப் போடுவோம். எழுத்தின் நிறத்தை எளிமைக்காக 20 என்ற ஒரே எண்ணாக வைத்துக்கொள்வோம், நல்ல இருள். பின்னணி இரவு வானம், 10. ஓரத்தில் பாதி மூடிய கட்டத்தில் என்ன நிறம் வரவேண்டும்? 20இல் பாதி 10, 10இல் பாதி 5, ஆக 15. இப்போது நம் வெள்ளைத் தாளுக்குப் போவோம். தாளின் நிறம் 250. அதன் மேல் எழுதும்போது ஓரக் கட்டத்தின் நிறம் 10உம் 125உம் சேர்ந்து 135 ஆகிவிட்டது. வெள்ளையை நீக்கச் சொன்னபோது, 135 என்பது வெள்ளை அன்று என்று அது தப்பித்துக்கொண்டது. இரவு வானத்தின் மேல் வைத்தால், 15 இருக்க வேண்டிய இடத்தில் 135 நிற்கிறது. அந்த அழுக்குக் கரை இதுதான். வெள்ளைத் தாள் போகவில்லை. ஓரக் கட்டங்களுக்குள் கலந்து ஒளிந்துகொண்டது. கலந்த பாலையும் நீரையும் பிரிக்க அன்னப்பறவை தேவைப்படுகிறதே, அதே சங்கடம். கலக்குமுன் தடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

பெருக்கியாயிற்றா, இல்லையா?

1984ஆம் ஆண்டில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர், படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் வழிகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். ஒரு படம் இன்னொன்றின் மேல், ஒன்று இன்னொன்றின் உள்ளே, ஒன்று இன்னொன்றின் வெளியே என்று இது ஒரு சிறு இயற்கணிதம் போலவே இருக்கும். இந்த நால்வருக்கும் 1996இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அறிவியல், பொறியியலுக்கான விருதைச் சேர்த்து வழங்கியது.

அந்த ஆய்வுரையில் ஒரு நடைமுறை யோசனை இருந்தது. எழுத்தின் நிறத்தை ஆல்பாவால் எப்படியும் பெருக்கத்தானே போகிறோம்? பெருக்கியே சேமித்து வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் பெருக்கும் வேலை மிச்சம். நல்ல யோசனைதான். ஆனால் இதனால் உலகில் இரண்டு வகைப் படங்கள் உண்டாயின: பெருக்கி வைத்தவை, பெருக்காதவை. ஒன்றை இன்னொன்று என்று எண்ணிவிட்டால் ஆபத்து.

எழுத்தின் நிறம் 240, ஓரத்தில் ஆல்பா அரை, பின்னணி 40 என்று கொள்வோம். சரியான விடை 120உம் 20உம் சேர்ந்து 140. பெருக்கி வைத்த படத்தில் 120 என்று இருக்கிறது. மென்பொருள் அதைப் பெருக்காதது என்று நினைத்து மறுபடி பாதியாக்கினால் 60உம் 20உம் 80. எழுத்தைச் சுற்றி இருண்ட கரை! மாறாக, பெருக்காத 240ஐப் பெருக்கியது என்று நினைத்து அப்படியே கூட்டினால் 260. எண் 255ஐத் தாண்டிவிடுகிறது. ஓரம் பளீரென்று எரியும். வீடியோ தொகுக்கும் மென்பொருள்கள் சில, படத்தை ஏற்கும்போது 'இது எந்த வகை?' என்று கேட்பது இதற்காகத்தான். பலர் அந்தக் கேள்வியைப் படிக்காமலே தள்ளிவிடுகிறார்கள்.

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அரைத்திரைகளை வைத்தால் மொத்த மறைப்பு எவ்வளவு? முதல் திரை பாதி ஒளியை விடும். இரண்டாவது அதிலும் பாதியை விடும். கால் பங்கு வெளிவரும். ஆகவே மறைப்பு முக்கால். எழுத்து, அதன் நிழல், அடியில் ஒரு வண்ணப் பட்டை என்று அடுக்கும்போது கணிப்பொறி இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒரே கட்டத்தின் இடது பாதியை ஒரு பட்டையும் வலது பாதியை இன்னொரு பட்டையும் மூடினால் உண்மையில் கட்டம் முழுவதும் மூடிவிட்டது. ஆனால் கணக்கு முக்கால் என்றே சொல்லும். ஒட்டி வைத்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே மயிரிழைபோல் பின்னணி தெரிவதைக் கண்டால் காரணம் இதுவே. ஒன்றை மற்றதன் அடியில் சிறிது நீட்டிவிட்டால் மறைந்துவிடும். கொத்தனார்கூட ஓடுகளை அப்படித்தானே வேய்கிறார்!

எதில் சேமிப்பது?

நான்காவது எண்ணுக்கு இடம் தரும் கோப்பில்தான் சேமிக்க வேண்டும். ஜேபெக் கோப்பில் அதற்கு இடமே இல்லை. ஜிஃப் கோப்பில் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு விடைகளே. நம் வட்டம் மறுபடி சதுரமாகிவிடும். 1996இல் தரநிலையாக வந்த பிஎன்ஜி என்ற வகை ஆல்பாவை முழுமையாகத் தாங்கும். அதில் நிறங்கள் பெருக்காமல் வைக்கப்படுகின்றன என்பது விதி. ஆகவே குழப்பமும் குறைவு.

எழுத்து பறந்து வர வேண்டும், மெல்லத் தோன்றி மறைய வேண்டும் என்றால் ஒரு படம் போதாது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 சட்டகங்கள். 5 விநாடித் தலைப்புக்கு 125 பிஎன்ஜி படங்களை வரிசை எண் கொடுத்து அடுக்கலாம். இது பழைய முறையானாலும் நம்பத் தக்கது. ப்ரோரெஸ் 4444 போன்ற வீடியோ வகைகளும் ஆல்பாவைச் சுமக்கின்றன. அப்பெயரின் கடைசி 4 ஆல்பாவையே குறிக்கிறது. கைப்பேசியில் நாம் அன்றாடம் பார்க்கும் எம்பி4 கோப்புகளில் பெரும்பாலானவற்றில் ஆல்பா இருப்பதில்லை. தலைப்பை அதில் சேமித்தால் ஒளிபுகும் இடமெல்லாம் பெரும்பாலும் கறுப்பாகிவிடும்.

நீங்களே செய்து பார்க்க விலையில்லாத மென்பொருள்கள் உண்டு. கிம்ப் என்ற மென்பொருளில் புதிய படம் திறக்கும்போதே, பரப்பை வெள்ளையால் நிரப்பாமல் 'ஒளிபுகும்' என்று தேர்ந்தெடுங்கள். திரையில் சாம்பல் நிறச் சதுரங்கப் பலகை போல ஒன்று தெரியும். அது படத்தில் இல்லை. 'இங்கே ஒன்றும் இல்லை' என்று காட்டும் அடையாளம் மட்டுமே. (இணையத்தில் இறக்கிய சில படங்களில் அந்தச் சதுரங்கமே உண்மையாக வரையப்பட்டிருக்கும். ஏமாந்துபோகாதீர்கள்.) அதன் மேல் எழுத்தை எழுதி, பிஎன்ஜியாக வெளியேற்றி, கேடென்லைவ் போன்ற தொகுப்பு மென்பொருளில் வீடியோவின் மேல் தடத்தில் வையுங்கள். தலைப்பை எந்த அளவில் காட்டப்போகிறீர்களோ அந்த அளவிலேயே எழுதுவது நல்லது. பின்னால் சுருக்கினால் முதலில் நலிவது மெய்ப்புள்ளிதான்.

முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அதே தலைப்பை முழுக் கறுப்பு, முழு வெள்ளை, முழுச் சிவப்பு ஆகிய மூன்று பரப்புகளின் மேல் மாற்றி மாற்றி வைத்து, திரையை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பின் மேல் வெண்கரை தெரிந்தால் எங்கோ வெள்ளைத் தாள் கலந்திருக்கிறது. வெள்ளையின் மேல் இருண்ட கரை தெரிந்தால் இருமுறை பெருக்கப்பட்டிருக்கலாம். சிவப்பின் மேல் இரண்டுமே அகப்படும். கடைசியாகப் படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பின்வரிசை பெஞ்சு இருக்கும் தூரத்தில் போய் நின்றுகொண்டு, 'ல்' மேலும் 'ம்' மேலும் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள்.